வாங்கு என்றொரு பொத்தான்

ஹம்மர்ஃபெஸ்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் டோர்டிஸ்
வேலை முடிந்து வந்து
பாலைவனத்தில் லாரி ஓட்டுவாள்.

சிரிக்காதீர்கள்.
நவம்பரில் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் திரும்பும் ஊர் அது.
நடுவில் இரண்டு மாதம்
அவள் வீட்டில் வெயில் அடித்தது
அந்த விளையாட்டில் மட்டும்தான்.
உப்புப் பாளம் ஏற்றிய லாரி,
கானல்நீர், குறுக்கே வரும் ஒட்டகம்.
நிஜத்தில், வெளியே, குறுக்கே வருவது கலைமான்.
இரண்டுக்கும் ஹாரன் கேட்காது.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது குரோனர்.
பெட்டி, பெட்டிக்குள் வட்டு, வட்டின்மேல் லாரிப் படம்.
ஆறு வருடம் ஓட்டினாள்.
யாரோடும் போட்டியில்லை, பேச்சில்லை,
தன்னந்தனியாக.
ஆனாலும் ஒவ்வொரு முறையும் சாவி திருகுமுன்
அந்த லாரி எங்கோ தொலைதூரத்துக் கணினியிடம்
"கிளம்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறது.
அவள் காதில் அது விழுந்ததே இல்லை,
பதில் வராமல் போகும்வரை.

மின்னஞ்சல் டிசம்பரில் வந்தது.
"இந்தப் பயணத்தில் எங்களோடு வந்ததற்கு நன்றி."
கூடவே சிவப்பாய் ஓர் இதயம்.
ஜனவரி பதினெட்டு நள்ளிரவோடு சரி.

இனி நான் பேசுகிறேன்.
எனக்கு இதில் நடுநிலை கிடையாது.

அவர்கள் மொழியில் அந்தப் பொத்தான் ஓரசைச் சொல்.
காசு கொடு, எடுத்துக்கொள், அவ்வளவுதான்.
என் மொழியில் வாங்கு என்பது
கொஞ்சம் விவரம் தெரிந்த சொல்.
பால் வாங்கலாம், பட்டம் வாங்கலாம்,
அடி வாங்கலாம்,
மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.
உயிரையும் வாங்குவார்கள், விலை பேசாமலே.
விற்றவனே பின்வாங்குவான் என்பதையும்
அதே சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறோம்.
அந்த நிறுவனத்து வக்கீல்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால்
நாற்பத்தோரு பக்கம் நிபந்தனை எழுதியிருக்க வேண்டாம்.

பதினேழாம் பக்கத்தில் இருக்கிறதாம்:
நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல,
விளையாடும் அனுமதியை,
அதுவும் நாங்கள் நினைக்கும்வரை.
நுகர்வோர் வாரியத்து வேப்யோர்ன்
தொலைபேசியில் படித்துக் காட்டினான், கூச்சத்தோடு.
அவனும் அதே லாரியை ஓட்டியவன்.

சர்வர் ஓட மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும்
என்கிறார்கள். நியாயம்.
டீசல் விலை டோர்டிஸுக்கும் தெரியும்.
காலமெல்லாம் கடையைத் திறந்து வைக்கச் சொல்லவில்லை அவள்.
போகிறபோது
சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறாள்.
"கிளம்பட்டுமா" என்ற கேள்வியை நீக்கினால் போதும்.
நீக்கத் தெரிந்தவனை
போன வசந்தத்திலேயே வேலையைவிட்டு அனுப்பியாயிற்று.
இப்போது வேறெங்கோ உட்கார்ந்து
பிள்ளைகள் காசு போட்டுத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளுக்கு
மினுமினுப்புப் பூசுகிறான்.

நாடாளுமன்றங்கள் விவாதிக்கும்.
கடைசியில் பொத்தானின் பெயரை மாற்றுவார்கள்.
"அனுமதி பெறு" என்று எழுதிவிட்டு
அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைப்பார்கள்.
திருட்டைத் தடுக்கச் சொன்னால்
வாசலில் வந்து
"இங்கே திருட்டு நடக்கும்" என்று பலகை மாட்டிவிட்டு
கைகுலுக்கிப் போவதுபோல.

பதினெட்டாம் தேதி இரவு
லாரியில் பதினான்கு டன் உப்பு.
பாலைவனத்தில் நடுப்பகல்.
இறக்க வேண்டிய ஊர் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி
தண்ணீர்த் தொட்டியோடு தெரிந்தது.
பிறகு சாம்பல் நிறத் திரை, அதில் ஒரு வரி:
இணைப்பைச் சரிபார்க்கவும்.
அவள் சரிபார்த்தாள்.
எழுந்துபோய் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள்,
தெரிந்தும்.

நிஜச் சூரியனுக்கு இன்னும் மூன்று நாள்.

காலை நாலு மணிக்கு வேலை.
கார்க் கண்ணாடியில் விரல் கனத்துக்கு உறைபனி.
சுரண்டியைக் காணோம்.
உள்ளே போய் அந்தப் பெட்டியை எடுத்துவந்தாள்.
நன்றாகத்தான் சுரண்டியது.

நாற்பத்தோரு பக்கத்திலும்
இதற்குத் தடை ஏதும் இல்லை.
பார்த்துவிட்டேன்.